முன்விளக்கும் எதிர்வருவோர் கண்ணும்

இரவில் வழிச்செல்வோர் விளக்கேந்திச் செல்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தாம் வழியைக் காண்டல். மற்றொன்று, தம்மைப் பிறர் காணுமாறு செய்தல். இவையன்றி விளக்கேந்துவோர்க்குரிய கடமை ஒன்றும் உண்டு. அஃதாவது, தம் விளக்கு எதிரே வருபவரின் பார்வையைக் கெடாதவாறு காத்தல். மோட்டார் வண்டிகள் பெருகிய இந்நாளில் இக்கடமையே தலையாயதென்பது என் துணிபு. இதனை யான் நூல்களிற் கற்றேனல்லேன். எங்கள் வீட்டுப் பழைய வண்டியின் முன்விளக்குகளைப் புதுப்பிக்கப் புகுந்தபொழுது ஒரு மேஸ்திரியாரிடமும் ஒரு நெசவாளரிடமும் கற்றேன். பழைய வண்டியை வைத்துக்கொண்டு அதே எண்ணத்தோடு இருக்கும் நண்பர் பலர்க்கும் அது பயன்படக் கூடும் என்றெண்ணியே ஈண்டு எழுதலுற்றேன்.

எங்கள் இல்லம் பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரம் தோன்றும் தெருக்களுள் ஒன்றில் உள்ளது. என் தந்தையார் பட்டுச்சேலை வாணிகர். 1992-ஆம் ஆண்டில் அவர் ஓர் அம்பாஸிடர் வண்டி வாங்கினார். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை முதலாகக் கொண்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் வங்காளத்து உத்தர்பாராவில் 50 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த வண்டி அது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொழிற்சாலையில் வேலை நின்றுவிட்டது. உதிரி உறுப்புகளுக்காக ஊரூராய் அலைய வேண்டியிருப்பினும் அதனை விற்க எங்களுக்கு மனம் ஒருப்படவில்லை. தந்தையார்க்கு இப்பொழுது அகவை 78. அவர் வண்டியோட்டுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. ஆயினும், மாதத்தில் மூன்று நான்கு முறை யான் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குச் செல்லுங்கால், முன்னிருக்கையில் என் பக்கத்தில் அமர்ந்து வருவதை மட்டும் அவர் விட்டாரல்லர்.

சென்னைக்கும் எங்களூருக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர் தூரம். கடைக்காரர்களிடம் கணக்கு முடித்துக்கொண்டு புறப்படும்பொழுது பெரும்பாலும் இருட்டிவிடும். பெங்களூர் நெடுஞ்சாலையில் வருமளவும் அத்துணைத் துன்பமில்லை. போகும் வண்டிகளுக்கும் வரும் வண்டிகளுக்கும் நடுவே தடுப்பு உண்டு. பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப்பக்கம் திரும்பிய பின்னரே இரவுப் பயணத்தின் அருமை விளங்கும். மிதிவண்டியில் வீடு திரும்புவோரும், சாலையோரத்தே படுத்து அசைபோடும் மாடுகளும், பின்விளக்கில்லாத டிராக்டர்களும் ஆங்கே நம் கண்ணுக்கு வேலை வைப்பன. எங்கள் வண்டியின் விளக்குகளோ, மண்ணெண்ணெய் விளக்கைப் போல மஞ்சளித்துச் சோர்ந்து கிடந்தன. சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில், விளக்கின்றிச் சாலையிலேயே நிறுத்தப்பட்டிருந்த லாரியொன்று பத்துக் கஜ தூரத்தில் திடீரெனக் கண்ணிற்பட்டது. வண்டி மெல்லச் சென்றமையால் தப்பினோம். தந்தையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விளக்கைச் சரி பண்ணாமல் இனி இரவில் வண்டியை எடுக்க வேண்டாமப்பா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் யாரிடம் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைத்தது: "எல்.இ.டி. பல்பு போட்டுவிடுங்கள், இரவு பகலாகிவிடும்." அவர்கள் அங்ஙனம் கூறுவதில் வியப்பில்லை. எங்கள் தெருக்களில் கம்பத்து விளக்குகளும், கடைத்தெருவின் பெயர்ப் பலகைகளும், பிள்ளையார்பாளையத்துத் தறிகளின்மேல் தொங்கும் விளக்குகளும் இன்று பெரும்பாலும் எல்.இ.டி.களே. இழையைச் சுடவைத்து ஒளி பெறுவது பழைய பல்பின் முறை. எல்.இ.டி.யோ மின்சாரம் பாய்ந்த அளவில் தானே ஒளியுமிழும் அரைக்கடத்திச் சில்லு. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய நிக் ஹோலோனியாக் கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளியை அத்தகைய சில்லிலிருந்து பெற்றார். நீலவொளி பெறுவதுதான் அரிதாயிருந்தது. அதனைச் செய்து முடித்த ஜப்பானியர் மூவர், அகாசாகி, அமானோ, நாகமுரா என்போர், 2014-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளிதரும் பூச்சொன்றைப் பூசவே வெள்ளொளி பிறக்கின்றது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளியும் நீண்ட ஆயுளும் தருவதால், வீட்டுக்கும் வீதிக்கும் அதனினும் சிறந்த விளக்கு இன்றளவில் இல்லையென்றே சொல்லலாம்.

ஆகவே யானும் கடையொன்றிற்குச் சென்றேன். கடைக்காரர் ஒரு சிறு அட்டைப்பெட்டியை என்முன் வைத்தார். அதன்மேல் பல்லாயிரம் லூமன் என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே இரண்டு பல்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் சில்லுகள் பதித்த தகடு, வாலில் ஒரு சிறு மின்விசிறி. எங்கள் வண்டியிலிருந்த ஹாலஜன் பல்பின் அடிப்பாகம் போன்றே இதன் அடிப்பாகமும் மூன்று காதுகளோடு இருந்தது. "பழையதைக் கழற்றிவிட்டு இதைச் சொருக வேண்டியதுதான்; பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். மேஸ்திரியாரைக் கேளாமல் வண்டியில் எதனையும் பொருத்துவது எங்கள் வீட்டு வழக்கமன்று. ஆதலின் பெட்டியோடு அவர் பட்டறைக்குச் சென்றேன். அவர் மோட்டார் வயரிங் வேலையில் 40 ஆண்டுகள் பழகியவர். சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுபவர்.

அவர் பெட்டியை வாங்கிப் பார்த்துப் புன்முறுவல் செய்துவிட்டு, இருட்டிய பின் வரும்படி சொன்னார். அங்ஙனமே சென்றேன். வண்டியைப் பட்டறைக்கு எதிரேயிருந்த வெள்ளைச் சுவருக்கு நேராக நிறுத்தி, இடப்பக்கத்து விளக்கில் புதிய பல்பைச் செருகினார். வலப்பக்கத்தில் பழைய பல்பை அப்படியே விட்டார். டிம் ஒளியைப் போட்டுச் சுவரைப் பார்த்தோம். வலப்பக்கத்து ஒளி மங்கலாயிருந்தது. ஆயினும் அதற்கு ஒரு கோடு இருந்தது. கோட்டின் கீழ் வெளிச்சம், கோட்டின் மேல் இருள். இடக்கோடியில் மட்டும் வெளிச்சம் சற்றே மேலேறிச் சென்றது. இடப்பக்கத்து ஒளியோ சுவரையே வெளுப்பாக்கிற்று. ஆனால் கோடு எங்கே முடிகிறதென்று காண முடியவில்லை. மேலெல்லாம் வெண்புகை பரந்தாற்போன்று வெளிச்சம் சிதறிக் கிடந்தது. கீழே, தூரத்துச் சாலை விழவேண்டிய இடத்தில் ஒரு கருந்திட்டு நின்றது.

"ஸ்டியரிங்கிலிருந்து பார்த்தது போதும், தம்பி; எதிரே போய் நில்லுங்கள்" என்றார் மேஸ்திரியார். பத்தடி தள்ளி, வண்டியின் வலவோரத்துக்குச் சிறிது விலகி நின்றேன். அவர் ஒரு விளக்கைக் கோணிப்பையால் மூடிக் காட்டினார். பின் அதனைத் திறந்து மற்றதை மூடினார். பழைய விளக்கு எரியும்பொழுது அவர் முகமும் வண்டியின் முகமும் எனக்குத் தெரிந்தன. புதியது எரியும்பொழுது ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையான ஒரு குழி மட்டும் தெரிந்தது. விளக்கணைந்த பின்னும் அக்குழி சில நொடிகள் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவர் தெருவைக் கடந்து என்னருகில் வந்து நின்றதைக் காலடி ஓசையால்தான் அறிந்தேன்.

பிறகு அவர் இரண்டு பல்புகளையும் மேசைமேல் வைத்துக் காரணத்தை விளக்கினார். அவர் கூறியதை யான் பின்னர்ப் படித்தறிந்தவற்றோடு சேர்த்து இங்கே உரைக்கின்றேன். எங்கள் வண்டியிலிருந்தது எச்4 என்னும் வகை. 1971-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய ஹாலஜன் பல்பு அது. அதனுள் இரண்டு இழைகள் உள்ளன. தூர ஒளிக்கு ஒன்று, 60 வாட். டிம் ஒளிக்கு ஒன்று, 55 வாட். ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே உடையது. டிம் இழையின் அடியில் மிகச் சிறிய உலோகத் தொட்டி ஒன்று உளது. இழையின் ஒளி கீழ்நோக்கிச் செல்லாதவாறு அத்தொட்டி மறைக்கின்றது. ஆகவே ஒளி ரிஃப்ளெக்டரின் மேற்பாதியில் மட்டுமே பட்டு, ஆங்கிருந்து திரும்பிச் சாலையில் தாழ விழுகின்றது. சுவரில் யாம் கண்ட கோடு அத்தொட்டி வரைந்த கோடுதான். எங்கள் சாலைகளில் வண்டிகள் இடப்பக்கம் செல்லுதலின், இடவோரத்து நடையாளரைக் காட்டும்பொருட்டு அக்கோடு இடக்கோடியில் மட்டும் மேலேறும்படி அமைந்துளது.

ரிஃப்ளெக்டர் என்பது வெறும் பளபளப்பான கிண்ணமன்று. இழை இன்ன இடத்தில், இன்ன அளவில் இருக்குமென்று கணக்கிட்டு வளைக்கப்பெற்ற கண்ணாடி. இழையின் இடத்தில் எல்.இ.டி.யை வைக்குங்கால் அக்கணக்குப் பிழைபடுகின்றது. இழை நடுவில் ஒன்றாக நின்றது. சில்லுகளோ ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டப்பெற்று, நடுவே தகட்டின் பருமனளவு இடைவெளியோடு நிற்கின்றன. இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசிற்று. சில்லு தன் முகம் பார்த்த பக்கமே வீசும். கிண்ணத்தினுள் ஒரு மில்லிமீட்டர் விலகினால் சாலையில் அது முழக்கணக்கில் பெருகும். இத்துடன் வெப்பமும் ஒரு தொல்லை. ஹாலஜன் தன் வெப்பத்தைக் கதிர்களாக முன்னே வீசிவிடும், எல்.இ.டி.யின் வெப்பம் பின்னே வால்வழி வெளியேற வேண்டும். பழைய வண்டியின் மூடிய கூட்டுக்குள் அதற்குக் காற்றோட்டம் இல்லை. சூடேறிய சில்லு ஒளி குன்றி, நாளடைவில் கெட்டும்போம்.

இவ்வளவும் கேட்ட பின்னும் ஆசை என்னை முற்றும் விட்டதென்று சொல்லேன், என்னை? மழையிரவில் அந்த லாரியைக் கண்டவன் யானல்லனோ? என் உள்ளத்தை நிலைப்படுத்தியது வேறொரு நிகழ்ச்சி. எங்களுக்குச் சேலை நெய்து தரும் முதியவர் ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் உள்ளார். அவர் ஐயம்பேட்டையில் உறவினர் வீட்டுக்குச் சென்று, இரவில் மிதிவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வந்த வண்டியொன்றின் வெள்ளொளி அவர் கண்ணை மறைத்தது. சாலையின் விளிம்பு எங்கேயென்று தெரியாமல் ஓரத்துப் பள்ளத்தில் வீழ்ந்தார். வந்த வண்டி நில்லாது சென்றது; தன்னால் ஒருவர் வீழ்ந்தாரென்று அதனை ஓட்டியவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. முதியவருக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

நெசவாளருக்கு மணிக்கட்டு முறிவது எத்தகைய இழப்பு என்பதைப் பிற ஊரார் உணர்வது அரிது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை நெசவில் உள்ளது. சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, இரண்டன் ஊடையையும் ஒன்றோடொன்று பிணைத்து நெய்வது அது. தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் ஒருவர். கரைப்பக்கத்து நாடாவை எறியும் துணையாள் ஒருவர். ஒருவர் கை நின்றால் இருவர் பிழைப்பும் நிற்கும். இவருக்குத் துணையிருந்தவன் இவர் தம்பி மகன். மூன்று மாத காலம் தறியில் பாவு ஏற்றியபடியே கிடந்தது. பெரியவர் தறியைப் பார்த்துக்கொண்டு திண்ணையிலிருந்தார். பையன் கூலிக்கு வேறு தறி தேடிப் போனான்.

அவரைக் காணச் சென்றபொழுது என் விளக்கு விசாரத்தையும் சொன்னேன். அவர் எழுந்து என்னைத் தறிக்கருகில் அழைத்துச் சென்று விளக்கைப் போட்டார். அதுவும் எல்.இ.டி. பல்புதான், நல்ல வெளிச்சம். ஆனால் நெய்பவர் முகம் நோக்கிய பக்கத்தில் ஒரு பழைய அட்டையை வளைத்துக் கட்டியிருந்தார். தறிக்குழியில் இறங்கி நின்று பார்த்தேன். பாவின் ஒவ்வோரிழையும் எண்ணலாம்படி தெரிந்தது. பல்பு என் கண்ணிற் படவே இல்லை. "வெளிச்சம் இழைக்குத்தான், சின்னவரே, கண்ணுக்கன்று. கண்ணில் விழுந்தால் இழை தெரியாது" என்றார். மேஸ்திரியார் மேசைமேல் காட்டிய சிறு தொட்டியின் வேலையும் அந்த அட்டையின் வேலையும் ஒன்றே என்பது எனக்கு அப்பொழுது விளங்கிற்று.

நிற்க. இது வெறும் நல்லொழுக்கம் பற்றியது மட்டுமன்று. சட்டமும் இதனையே கூறுகின்றது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106-ஆம் விதி, முன்விளக்கின் ஒளி எப்பொழுதும் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டுமென்று விதிக்கின்றது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னே, வண்டியின் வலவிளிம்புக்கு அரை மீட்டர் வலப்புறத்தே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யலாகாது என்பது அதன் அளவு. எதிரே நடந்தோ மிதிவண்டியிலோ வருபவரின் கண் ஏறத்தாழ அங்கேதான் இருக்கும். எங்கள் பெரியவரின் கண்ணைச் சட்டம் அளவெடுத்து வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்பினின்றும் மாறுபட வண்டியைத் திருத்தலாகாதென்கிறது; உச்சநீதிமன்றமும் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் அதனை வலியுறுத்தித் தீர்ப்புரைத்தது. ஜெர்மனி நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் ஹாலஜனுக்கு மாற்றான எல்.இ.டி. பல்புகள் சிலவற்றுக்கு இசைவு உண்டு. ஆயினும் அவ்விசைவு எல்லா வண்டிகளுக்கும் பொதுவன்று. இன்ன வண்டியின் இன்ன விளக்கில் இன்ன பல்பு என்று சோதித்துப் பார்த்துத் தனித்தனியே தரப்படுவது.

எனின், பழைய வண்டிக்காரன் இருளிலேயே செல்ல வேண்டுமோ என்று கேட்கலாம். யானும் மேஸ்திரியாரை அதுவே கேட்டேன். அவர் விடை சொல்லாமல் மின்னழுத்தம் அளக்கும் மீட்டரை எடுத்துவந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரியின் முனைகளில் அளந்தார்: 13.8 வோல்ட். பின்பு விளக்கு எரியும்பொழுது பல்பின் முனையில் அளந்தார்: 11.6 வோல்ட். "இரண்டேகால் வோல்ட்டு வழியிலேயே போகிறது, தம்பி. பல்பு என்ன செய்யும்?" என்றார். பழைய வண்டியில் விளக்குக்குரிய மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து உட்புறத்துச் சுவிட்சுக்கு வந்து, டிம்மரைக் கடந்து, மெல்லிய கம்பிகளின் வழியே முன்னே திரும்பிச் செல்கின்றது. 30 ஆண்டுகளாகத் தேய்ந்த சுவிட்சும், பச்சை பூத்த இணைப்புகளும், துருவேறிய எர்த்தும் ஆளுக்குச் சிறிது சுங்கம் வாங்கிக்கொள்கின்றன.

இழை பல்பின் இயல்பு ஒன்றை ஈண்டு அறிதல் வேண்டும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் ஒரு பங்கு குறைவதோடு நில்லாது. ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். இக்கணக்கின்படி எங்கள் விளக்குகள் தாம் தரவேண்டிய ஒளியில் பாதிக்குச் சற்றே மிகுதியாகத்தான் தந்துகொண்டிருந்தன. மஞ்சளித்துத் தோன்றியதற்கும் அதுவே காரணம். இழை வேண்டுமளவு சூடேறாமையால் அதன் ஒளி சிவந்து சோர்ந்தது. பல்பு பழையதென்று யாவரும் சொன்னார்கள். உண்மையில் பட்டினி கிடந்தது பல்பு.

மேஸ்திரியார் இரண்டு ரிலேக்களை வைத்தார். ரிலே என்பது சிறு மின்சாரத்தின் ஏவலால் பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு. பழைய சுவிட்சு இப்பொழுது ரிலேக்கு ஆணை மட்டும் அனுப்புகின்றது. விளக்குக்குரிய மின்சாரமோ பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாகப் பருத்த செப்புக் கம்பியில் நேரே செல்கின்றது. எர்த்துக்கும் புதிய கம்பி போட்டார். ரசம் போயிருந்த ரிஃப்ளெக்டர்களை மாற்றி, அதே 60/55 வாட்டில் நல்ல ஹாலஜன் பல்புகளைப் பொருத்தினார். மீண்டும் அளந்தபொழுது பல்பின் முனையில் 13.3 வோல்ட் நின்றது. மின்னழுத்தம் ஏறியதனால் மட்டுமே முன்னையினும் ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம். ரிஃப்ளெக்டர் புதிதானமையால் வந்தது அதற்கு மேல். செலவு, கடைக்காரர் காட்டிய பல்புகளின் விலையினும் மிகுதிதான். ஆயினும் வண்டியின் வயரிங்கே புதுப்பிறவி எடுத்தது. எல்.இ.டி. பெட்டியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவரும் சொன்ன சொல் தவறாது பணத்தைத் தந்துவிட்டார்.

வேலை அத்துடன் முடியவில்லை. மீண்டும் வெள்ளைச் சுவருக்கு முன் வண்டியை நிறுத்தி ஒளியின் உயரத்தைச் சரிபார்த்தோம். சுவர் 10 மீட்டர் தூரத்தில் இருந்தால், டிம் ஒளியின் கோடு விளக்கின் உயரத்தினும் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழுவது முறை. இதனைப் பார்க்குமுன் மேஸ்திரியார் வைத்த நிபந்தனை எனக்கு வியப்பூட்டிற்று: "வழக்கமாக ஏற்றுகிற சேலைக் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாருங்கள், அப்பாவையும் முன்னால் உட்காரச் சொல்லுங்கள்." பின்புறத்தில் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும், விளக்கும் அதனோடு மேலே பார்க்கும். வெறும் வண்டியில் ஒழுங்காக இருந்த ஒளி, பாரமேறியதும் எதிரே வருபவன் கண்ணைத் தேடிச் செல்லும். எங்களூர்ச் சேலை வண்டிகளும் நெல் மூட்டை வண்டிகளும் இதனைக் கருதிப் பார்ப்பது நன்று.

இவற்றால் யான் எல்.இ.டி.க்குப் பகைவன் என்று எவரும் கொள்ளற்க. 2007-ஆம் ஆண்டில் ஜப்பானிய லெக்ஸஸ் வண்டியொன்று டிம் ஒளிக்கு எல்.இ.டி.யோடு வெளிவந்தது, அதன்பின் அவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. அவ்விளக்குகளில் சில்லும் கிண்ணமும் லென்சும் ஒன்றையொன்று அறிந்து ஒருங்கே அமைக்கப்பட்டவை, அவற்றில் குறையில்லை. ஒன்றுக்கென அமைத்த கிண்ணத்தில் வேறொன்றைச் செருகுவதிலேதான் குறை. அம்பாஸிடருக்கு ஏற்ற 7 அங்குல வட்ட வடிவில் முழு எல்.இ.டி. விளக்குகளும் கிடைக்கின்றன. அவற்றை வாங்க எண்ணுவோர் சட்ட இசைவைக் கேட்டறிவதோடு, ஒளிக்கோடு எப்பக்கம் ஏறுகின்றதென்றும் சுவரிற் பார்த்தல் வேண்டும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கெனச் செய்தவற்றில் அக்கோடு வலப்பக்கம் ஏறும். நம் சாலையில் அது எதிர்வருவோர் முகத்திலேயே போய் விழும். எங்கள் வண்டியின் உட்புறத்துச் சிறு விளக்குக்கு மட்டும் யான் எல்.இ.டி. போட்டுள்ளேன், இரவில் தந்தையார் கணக்குச் சீட்டைப் படிக்க அது பெரிதும் உதவுகின்றது. திரும்பும்பொழுது மின்னும் விளக்குகளுக்கு அதனை இடவில்லை. பழைய ஃபிளாஷர் பல்பு இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டே தாளம் போடுவது, எல்.இ.டி. இழுக்கும் சிறு மின்சாரத்தில் அதன் தாளம் தவறிவிடும்.

எங்களூரில் தெரு என்பது வண்டி செல்லும் வழி மாத்திரமன்று. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்ப்பவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். வைகாசித் திருவிழாவில் கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து எழுந்தருள, ஊர் முழுவதும் இருள் பிரியுமுன்னரே வீதியில் திரண்டிருக்கும். இத்தகைய ஊரில் இரவில் வண்டியோட்டுபவன், தன் விளக்கு எவ்வளவு தூரம் எட்டுகின்றதென்று பார்ப்பதோடு, அது யார் கண்ணில் போய் விழுகின்றதென்றும் பார்க்கக் கடமைப்பட்டவன். ஒரு நல்ல கண் கூச்சத்திலிருந்து மீளச் சில நொடிகள் ஆகும். முதியோர் கண்ணுக்கு இன்னும் மிகுதியாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று நொடியில் 50 மீட்டர் ஓடிவிடும். எதிர்வண்டிக்காரன் அந்த 50 மீட்டரையும் குருடனாகவே ஓட்டுகின்றான். அவன் நம்மை நோக்கித்தான் வருகின்றான் என்பதையும் மறத்தலாகாது. பிறர் கண்ணைக் காப்பது நம் உயிரைக் காப்பதுமாம்.

ஆகவே, பழைய வண்டியுடைய நண்பர்கட்கு யான் சொல்லுவது சிலவே. முதலில் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். பின்பு பல்பின் முனையில் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் ரிலே வையுங்கள். ரசம் போன ரிஃப்ளெக்டரை மாற்றுங்கள். வழக்கமான பாரத்தை ஏற்றிக்கொண்டு சுவரிற் கோட்டைப் பாருங்கள். இவையனைத்தும் செய்த பின்னர், நண்பரொருவரை ஸ்டியரிங்கில் அமர்த்திவிட்டு, நீங்கள் எட்டு மீட்டர் தள்ளிச் சிறிது வலப்புறத்தே நின்று, மிதிவண்டியில் வருபவரின் கண்ணோடு உங்கள் விளக்கை நோக்குங்கள்.

எங்கள் பெரியவர் இப்பொழுது மீண்டும் தறியில் அமர்கின்றார். மணிக்கட்டு முன்போல வளைவதில்லை. முன்னர் இருபது நாளில் முடித்த சேலைக்கு இப்பொழுது முப்பது நாள் ஆகின்றது. தம்பி மகன் திரும்பி வந்து கரை நாடாவை எறிகின்றான். அவர்கள் நெய்து தரும் சேலைகளை யான் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குச் சென்று இரவில் திரும்புகின்றேன். பொன்னேரிக்கரையில் திரும்பியதும் எதிரே மிதிவண்டி ஏதேனும் வருகின்றதாவென்று தந்தையார் பார்த்துக்கொண்டே வருகின்றார். வந்தால், "டிம் போடப்பா" என்று எனக்கு முன்னரே சொல்லிவிடுகின்றார்.